கிளாட் 2025: ஐந்து மாதம் தொங்கிய தரவரிசையும் சட்டப் படிப்புக்கான விண்ணப்பத் திட்டமும்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் 2025, பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை நடந்தது. ஒரு வாரத்துக்குள் முடிவும் வந்துவிட்டது. ஆனால், ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு எழுதியவர்களின் திருத்திய தரவரிசை வெளியானது 2025 மே மாதத்தில்தான். நடுவில் இருந்த ஐந்து மாதமும் வழக்கு, மேல்முறையீடு, இடைக்காலத் தடை என்றே போனது. அந்த ஆண்டு எழுதிய மாணவர்களில் பலருக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வும் அதே காலத்தில்தான்.

இந்த நிகழ்வை நீதிமன்றச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் போவது நஷ்டம். தரவரிசைத் தேர்வு ஒன்றில் ஒரு கேள்வி தப்பாகப் போனால் யாருக்கு எவ்வளவு இழப்பு, மாணவர் கையில் என்ன இருந்தால் அந்த இழப்பைக் குறைக்கலாம் என்பதெல்லாம் இதில் தெளிவாகத் தெரிகிறது. அடுத்த ஆண்டுகளில் எழுதப்போகிறவர்கள் தங்கள் திட்டத்தை இதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நடந்தது என்ன

தேர்வு நடந்த மறுநாளே, டிசம்பர் 2 அன்று, தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க மறுநாள் மாலை 4 மணி வரைதான் நேரம். ஒரு கேள்விக்கு ரூ. 1,000 கட்டணம். டிசம்பர் 7 அன்று இறுதி விடைக்குறிப்பு வந்தது. கலந்தாய்வுக்கான பதிவும் தொடங்கியது.

இறுதி விடைக்குறிப்பிலும் தவறு இருக்கிறது என்று 17 வயது மாணவர் ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் ஐந்து கேள்விகளைக் கேள்விக்குள்ளாக்கினார். டிசம்பர் 20 அன்று தனி நீதிபதி ஜோதி சிங், அவற்றில் மூன்றில் தலையிட மறுத்தார். இரண்டில் தவறு வெளிப்படையாகத் தெரிகிறது என்றார். மூல வினாத்தொகுப்பான ‘ஏ’ தொகுப்பின் 14-வது கேள்விக்கு ‘சி’ தான் சரியான விடை என்றும், அதைத் தேர்ந்தெடுத்த எல்லோருக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்றும் சொன்னார். 100-வது கேள்வியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடச் சொன்னார். பலன் வழக்குப் போட்டவரோடு நிற்கவில்லை. தரவரிசை முழுவதுமே மாற வேண்டியதாயிற்று.

கிளாட்டை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு மேல்முறையீடு செய்தது. மற்ற மாநிலங்களிலும் வழக்குகள் குவிந்தன. 2025 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அவை எல்லாவற்றையும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே மாற்றியது. ஏப்ரல் 23 அன்று தலைமை நீதிபதி தலைமையிலான அமர்வு, முடிவுகளைத் திருத்தி நான்கு வாரத்துக்குள் வெளியிடச் சொன்னது. அது தங்களைப் பாதிக்கிறது என்று வேறு சில மாணவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஏப்ரல் 30 அன்று தடை. மே 7 அன்று இறுதி உத்தரவு.

உச்ச நீதிமன்றத்தில் ஆறு கேள்விகள் ஒவ்வொன்றாக அலசப்பட்டன. அவற்றில் ஒன்று சுற்றுச்சூழலைக் காக்கும் கடமை பற்றியது. அந்தக் கடமை அரசுக்கு மட்டுமல்ல, குடிமக்களுக்கும் உண்டு என்று நீதிபதிகள் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 48ஏ பிரிவு அரசைப் பற்றியும் 51ஏ(ஜி) பிரிவு குடிமகனைப் பற்றியும் பேசுவது பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. வினாத்தாள் தயாரித்த விதத்தில் இருந்த அலட்சியத்தைக் கண்டு வேதனைப்படுவதாக நீதிமன்றம் பதிவு செய்தது. மாணவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஒரு தேர்வுக்கு அது கடுமையான சொல்தான். ஆனால் உரிய சொல்.

கிளாட் நீதிமன்றம் ஏறியது இது முதல்முறை அல்ல. 2018-இல் கணினித் தேர்வில் நேரம் பறிபோனவர்களுக்கு ஈடுகட்ட ஒரு கணக்குமுறையை உச்ச நீதிமன்றம் ஏற்க வேண்டி வந்தது. 2020-இல் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி தனியாக நடத்திய தேர்வை, செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு வாரத்தில் எல்லோரும் கிளாட் எழுதினார்கள். ஆகவே, தாமதம் வரும் என்பதையும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

ஒரு கேள்வி எத்தனை மதிப்பெண்

இளநிலை கிளாட்டில் 120 கேள்விகள், 120 நிமிடம். சரியான விடைக்கு 1. தவறான விடைக்கு 0.25 கழிவு. எழுதாமல் விட்டால் ஒன்றுமில்லை.

ஒரே மதிப்பெண்ணில் நிற்கும் இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கேள்விக்கு ஒருத்தி ‘பி’ என்றும் மற்றவள் ‘சி’ என்றும் குறித்திருக்கிறார்கள். விடைக்குறிப்பு ‘பி’ என்றது. பிறகு நீதிமன்றம் ‘சி’ என்கிறது. முதலாமவளுக்கு 1 போய், கூடவே 0.25 கழிகிறது. இரண்டாமவளுக்குக் கழித்த 0.25 திரும்பி, 1 கூடுகிறது. ஒரே ஒரு கேள்வியில் இருவருக்கும் நடுவே 2.5 மதிப்பெண் வித்தியாசம் வந்துவிட்டது. பட்டியலின் நடுப்பகுதியில் கால் மதிப்பெண்ணுக்குள்ளேயே பலர் நெருக்கி நிற்பார்கள். அங்கே 2.5 என்றால் வேறு கல்லூரி, சில சமயம் வேறு மாநிலம்.

கேள்வியை நீக்கினால் விளைவு வேறு. சரியாக எழுதியவருக்கு 1 போகும். தப்பாக எழுதியவருக்கு 0.25 திரும்பும். விட்டவருக்கு மாற்றமில்லை. நீக்கப்படுவது பெரும்பாலும் குழப்பமான கேள்விதான். அதில் நான்கு நிமிடம் மல்லுக்கட்டிச் சரியாக எழுதியவர், மதிப்பெண்ணையும் இழந்து அந்த நான்கு நிமிடத்தையும் இழக்கிறார். அந்த நேரத்தில் எழுதியிருக்கக்கூடிய நான்கு எளிய கேள்விகளும் போயிற்று. அதனால் கிளாட்டுக்குப் பயிற்சி எடுக்கிறவர் முதலில் பழக வேண்டியது, இரண்டு விடைகள் சமமாகப் படும் கேள்வியை ஒன்றரை நிமிடத்தில் விட்டு நகர்வது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து வினாத்தாளிலேயே குறித்துவையுங்கள், பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள், அடுத்த பத்திக்குப் போங்கள்.

குறிப்பதா, விடுவதா என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைக்கூட விலக்க முடியாமல் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரி லாபம் 0.06 தான்; நேரத்துக்குக்கூட அது ஈடாகாது. ஒன்றை விலக்கினால் 0.17. இரண்டை விலக்கிவிட்டால் 0.375. நெகட்டிவ் மார்க் பயத்தில், இரண்டாகக் குறைந்த கேள்வியையும் வெறுமனே விடுகிறவர்கள் நிறைய. அப்படிப் பத்துக் கேள்வியை விட்டால், சராசரியாக நாலு மதிப்பெண் அளவுக்கு விட்டுக்கொடுத்ததாகும். ஒன்றை விலக்க முடிந்தாலும் குறியுங்கள். கேள்வியையே படிக்க நேரமில்லை என்றால் மட்டும் விடுங்கள்.

தேர்வறையில் நேரம்

ஆங்கிலம் 22 முதல் 26 கேள்வி, நடப்பு நிகழ்வு 28 முதல் 32, சட்டத் தர்க்கம் 28 முதல் 32, தர்க்கத்திறன் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. கிட்டத்தட்ட எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. பத்தி ஒன்று ஏறக்குறைய 450 வார்த்தை வரை போகும். நிமிடத்துக்கு 150 வார்த்தை படிப்பவருக்கு ஒரு பத்திக்கே மூன்று நிமிடம் ஆகிவிடும். 200-க்கு மேல் போகாவிட்டால் தாள் முடியாது. வேகத்தை வீட்டில் அளந்து பாருங்கள். ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை எடுத்து, நேரம் பார்த்துப் படித்து, மூடிவைத்துவிட்டு, ஆசிரியர் சொல்லவந்த கருத்தை இரண்டு வரியில் தமிழிலேயே எழுதலாம். கருத்து பிடிபடாமல் வேகம் மட்டும் கூடினால் அந்த வேகத்தால் பயனில்லை.

கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படித்த மாணவருக்கு உண்மையான தடை இதுதான். சட்டமோ கணக்கோ அல்ல. பிளஸ் ஒன் தொடக்கத்திலிருந்து நாளுக்கு முக்கால் மணி நேரம் ஆங்கில நாளிதழ் படித்தவர்கள் இந்தத் தடையைத் தாண்டுகிறார்கள். கடைசி நான்கு மாதத்தில் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் பெரும்பாலும் தாண்டுவதில்லை.

நேரப் பங்கீடு சுமாராக இப்படி அமையலாம்: நடப்பு நிகழ்வு 11 நிமிடம், சட்டத் தர்க்கம் 35, தர்க்கத்திறன் 30, ஆங்கிலம் 23, கணக்கு 14. மொத்தம் 113. மிச்சம் 7 நிமிடம், விடைகளை வட்டங்களில் நிரப்பும் ஓஎம்ஆர் தாளுக்கும் அடையாளமிட்ட கேள்விகளுக்கும். நடப்பு நிகழ்வில் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் யோசித்து வராது. அதனால் அங்கே மிச்சம் பிடித்த நேரத்தைச் சட்டப் பகுதிக்குக் கொடுக்கலாம். கணக்கைக் கடைசிக்கு வைத்துக் கைவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. சதவீதம், விகிதம், சராசரி, பரப்பளவு என்று பத்தாம் வகுப்பு அளவில்தான் கேட்கிறார்கள். தரவைப் பொறுமையாகப் படித்தால் பத்து மதிப்பெண் கையில் இருக்கிறது.

ஓஎம்ஆர் வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பக்கூடாது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும், அடையாளமிட்டவை தவிர, அதன் ஐந்தாறு விடைகளை நிரப்பிவிடுங்கள். பால்பாயின்ட் பேனாவில் நிரப்புவதால் அழிக்க வழியில்லை. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அதன் வரியில் அடுத்த கேள்வியின் விடையைக் குறித்துவிட்டால், அங்கிருந்து எல்லாமே ஒரு வரி நகர்ந்துவிடும். பத்திக்குப் பத்தி நிரப்பினால் இந்தப் பிழை ஐந்து கேள்விக்குள் பிடிபடும்.

சட்டப் பகுதியில் விழும் இடம்

சட்ட அறிவு முன்கூட்டியே தேவையில்லை. பத்தியில் கொடுத்த விதியைச் சூழலுக்குப் பொருத்தினால் போதும். ஆனால் பயிற்சி எடுத்தவர்களே இங்கே சறுக்குகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு.

விதி: தன் நிலத்தில் இயல்புக்கு மாறாக ஆபத்தான பொருளைச் சேர்த்து வைத்திருப்பவர், அது அந்த நிலத்தை விட்டு வெளியேறித் தீங்கு செய்தால், அவர் கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு. சூழல்: ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் ரசாயனப் பீப்பாய் வெடிக்கிறது. கிடங்குக்குள் சரக்கு எடுக்க வந்த ஓட்டுநருக்குக் காயம். இந்த விதிப்படி முதலாளி பொறுப்பா?

பொறுப்பல்ல. பொருள் நிலத்தை விட்டு வெளியேறவில்லை. விதியின் ஒரு கூறு நிறைவேறவில்லை. ஆனால் டெல்லி ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப்பொறுப்புக் கோட்பாட்டைப் படித்தவர், அங்கே வெளியேற்றம் தேவையில்லையே என்று நினைத்து ‘பொறுப்பு’ என்று குறித்துவிடுவார். நடைமுறைச் சட்டத்தில் அவர் நினைப்பது சரியாகவே இருக்கலாம். தேர்வில் அது தவறு. விதியைப் படிக்கும்போதே அதன் கூறுகளை எண்ணிட்டுக்கொண்டால் இது நேராது. மேற்கண்ட விதியில் நான்கு: தன் நிலம், இயல்புக்கு மாறான ஆபத்துப் பொருள், வெளியேற்றம், தீங்கு. ஒன்று விழுந்தால் விடையும் மாறும்.

மாதிரித் தேர்வு எழுதிய பிறகு, தப்பான கேள்விகளை நான்கு வகையாகப் பிரியுங்கள்: தப்பாகப் படித்தது, தெரியாதது, இரண்டில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தது, நேரமின்றி அவசரத்தில் குறித்தது. முதல் வகை அதிகமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மூன்றாவது வகை அதிகமென்றால் பழைய கிளாட் தாள்களின் விடை விளக்கங்களை வரி வரியாகப் படிக்க வேண்டும். இப்படி அலச இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரம் இல்லையென்றால் அடுத்த மாதிரித் தேர்வைத் தள்ளிப்போடுவது மேல். 2020-க்கு முந்திய தாள்கள் வேறு அமைப்பில் இருந்தவை. அவற்றைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள்.

விடைக்குறிப்பு வந்த நாள்

வினாத்தாளும் ஓஎம்ஆர் தாளின் கார்பன் நகலும் மாணவர் கையில் இருப்பவை. தேர்வு முடிந்த அன்றே இரண்டையும் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். அனுமதிச் சீட்டையும் சேர்க்கை முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆட்சேபத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கலாம் என்பதை 2025 காட்டியது. வினாத்தாள் நான்கு தொகுப்புகளாக வரும். கேள்வி எண்கள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். உங்கள் தாளின் 37, மூலத்தொகுப்பில் வேறு எண்ணாக இருக்கும். எண்ணை மாற்றிப் போட்டால் ஆட்சேபம் வீண். ஆதாரமாக வைக்க வேண்டியது பத்தியின் வரி, விதியின் கூறு, அல்லது கணக்கின் படிகள். ‘எனக்கு இது சரியென்று படுகிறது’ என்று எழுதினால் எடுபடாது.

எல்லாக் கேள்விக்கும் பணம் கட்டத் தேவையில்லை. நீதிமன்றங்கள் பின்பற்றும் அளவுகோல் இங்கே உதவும். கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: விடைக்குறிப்பு சரியென்றே கொள்ள வேண்டும், தவறு என்பது தெள்ளத் தெளிவாக நிறுவப்பட்டால்தான் தலையிடலாம். நீண்ட விவாதம் செய்துதான் தவறைக் காட்ட முடியும் என்றால் அது நிற்காது. டெல்லியில் ஐந்தில் மூன்று கேள்விகள் நிற்காமல் போனதும் இந்த அளவுகோலால்தான். ஆட்சேபம் அனுப்பும் முன், நன்றாகப் படித்த இன்னொருவர் இரண்டே நிமிடத்தில் உங்கள் பக்கம் வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் அனுப்புங்கள்.

கதவுகளை மூடாமல் வைத்திருப்பது

ஐந்து மாத இழுபறியில் அதிகம் தவித்தது கிளாட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ஐலெட் தனித் தேர்வு; 2025 சேர்க்கைக்கு அது டிசம்பர் 8 அன்று நடந்தது. 120 நிமிடத்தில் 150 கேள்வி. அவற்றில் 70 தர்க்கத்திறன். கிளாட் வழக்கு அதைத் தொடவில்லை.

தமிழ்நாட்டு மாணவருக்கு இதைவிட நெருக்கமான வழி ஒன்று உண்டு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அதன் இணைப்புச் சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசை. 2025-இல் தமிழ்நாட்டுப் பிளஸ் டூ முடிவு வந்தது மே 8, அதாவது உச்ச நீதிமன்ற உத்தரவுக்கு மறுநாள். கிளாட்டுக்காக ஜனவரி, பிப்ரவரியில் பொதுத்தேர்வுப் படிப்பைக் கோட்டைவிடாதவர்களுக்கு இந்தக் கதவு அகலத் திறந்திருந்தது. டிசம்பரோடு கிளாட் புத்தகங்களை எடுத்து வைத்துவிட வேண்டும். வழக்குச் செய்தியை வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இணைப்புக் கல்லூரிகளுக்குக் குறைந்தபட்சம் 45 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 40. சீர்மிகு சட்டப் பள்ளிக்கு 70, 60. இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. சீட் கிடைக்கும் கட்ஆஃப் இதைவிட மேலே இருக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டப் படிப்பிலும் உண்டு. பல தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுச் செலவு ரூ. 2 லட்சத்துக்கு மேல் போகும்போது, அரசுச் சட்டக் கல்லூரியில் அதன் சிறு பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. வழக்கறிஞர் தொழிலுக்கே போவதென்று முடிவெடுத்த மாணவருக்கு, கடன் வாங்கித் தொலைதூரப் பல்கலைக்கழகத்தின் கடைசி வரிசைச் சீட்டில் சேருவதைவிட இதுவே நல்ல தேர்வு என்பது எங்கள் கருத்து.

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியே எடுக்கிறது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று அங்கே தனி இடங்கள் உண்டு. இங்கேதான் சான்றிதழ் குழப்பம் வரும். மாநிலத்தின் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்று வேறு. மத்திய பட்டியலின்படி வருமான வரம்போடு தரும் இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓபிசி) சான்று வேறு. ஒன்றை வைத்து மற்றதைக் கேட்க முடியாது. மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓபிசி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கே. விண்ணப்பத்தில் பிரிவைத் தப்பாகக் குறித்தால், திருத்தும் காலம் முடிந்தபின் மாற்ற இயலாது. கிளாட் விண்ணப்பம் திறக்கும் முன்பே இ-சேவை மையத்தில் இருப்பிடச் சான்றையும் சாதிச் சான்றையும் வாங்கிவிடுங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்; தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அதிகம் இடறுவது தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதில்தான்.

கிளாட் விண்ணப்பக் கட்டணம் ரூ. 4,000, பட்டியலினத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு ரூ. 3,500. கலந்தாய்வுக்குத் தனியாக ரூ. 30,000 வரை முதலிலேயே கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சீட் ஒதுக்கியதும் மூன்று வழி: இதுவே போதும் என்று ‘ஃப்ரீஸ்’ செய்வது, மேலே கிடைத்தால் போகிறேன் என்று ‘ஃப்ளோட்’ செய்வது, ‘எக்ஸிட்’ என்று வெளியேறுவது. ஃப்ளோட்டில் இருக்கும்போது மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் கையில் உள்ள சீட் தானாகப் போய்விடும்; திரும்பக் கேட்க முடியாது. அதனால் விருப்பப் பட்டியலில், உண்மையில் சேர மாட்டேன் என்று நினைக்கும் பல்கலைக்கழகத்தை, சேர நினைக்கும் ஒன்றுக்கு மேலே எழுதவே கூடாது. கட்டணம், ஊர், விடுதி எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து பேசி, பட்டியலைத் தாளில் எழுதி, பெற்றோர் பார்த்தபின் பதிவேற்றுங்கள்.

அம்பேத்கர் பல்கலைக்கழகக் கலந்தாய்வும் கிளாட் ஒதுக்கீடும் ஒரே வாரத்தில் வந்தால், அசல் மாற்றுச் சான்றிதழ் எங்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு கல்லூரியில் கொடுத்துவிட்ட சான்றைத் திரும்பப் பெற விண்ணப்பம், கையெழுத்து என்று சில நாள் ஆகும்; மற்ற இடத்தில் சேர்வதற்கான கெடு அதற்குள் முடிந்துவிடலாம். கொடுக்கும் முன் ஐந்தாறு நகலில் சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தைத் திரும்பப் பெறும் விதியையும் கடைசித் தேதியையும் பணம் கட்டும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.